துர்னா விழவே இல்லை

துர்னா ஒருபோதும் விழுந்ததில்லை. அதை நிரூபிப்பதற்கென்றே ஊரின் நடுவில் நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி, முந்நூறு பேரை உள்ளே உட்காரவைத்து, வாசலில் ‘நாணய விகித வரலாற்றுக் கழகம்’ என்று பலகையும் மாட்டியிருந்தார்கள். விழாத ஒன்றைத் தாங்கிப் பிடிக்க எதற்கு முந்நூறு பேர் என்று கேட்கக் கூடாது. கேட்பவர்களை உட்காரவைக்க அதே கட்டடத்தில் தனியாக ஓர் அறை இருந்தது.

மாஸ்டர் அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிழைப்பை ஓட்டியவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பதால், பதற்றம் வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜையில்கூட அழுத்தும். அந்தக் காரைத்தான் முந்தாநாள் விற்றிருந்தார்.

விற்ற பணம் தொண்ணூறாயிரம் துர்னா, துணிப்பையில், அவர் கையில் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரியில் அவர் மனைவி படுத்திருந்தாள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மறுநாள் காலையில் ஆபரேஷன். அதற்கு இருபதாயிரம் கெப்பி இன்று மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கெப்பி என்பது அந்த நாட்டுக் காசு. சேராவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும், அவளுக்கு மூன்று மாதம் கழித்து வேறு தேதி கிடைக்கும். மூன்று மாதம் அந்த வால்வு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

துர்னாவைக் கொடுத்துக் கெப்பி அனுப்ப நாட்டிலேயே இந்த ஒரு இடம்தான். காலையில் ஒரு கெப்பிக்கு மூன்று துர்னா. அப்படியானால் அறுபதாயிரம் போதும், மிச்சத்தில் மருந்து வாங்கிக்கொண்டு ராத்திரிப் படகில் ஏறினால் அவளுக்கு மயக்க மருந்து கொடுப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாஸ்டர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

பெரிய கூடத்தின் ஒரு சுவர் முழுக்க வரைபடம். கழகம் தொடங்கி நாற்பது வருடமாகத் துர்னாவின் மதிப்பு எப்படி இருந்தது என்று சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருந்தார்கள். இந்த மூலையில் தொடங்கி அந்த மூலைவரை ஒரு சுளிவு இல்லாமல் நேராகப் போனது. சுவரின் இரண்டு பக்கமும் ஏணி போட்டு, பெயிண்டர்கள் இருவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸ் எல்லாம் பக்கத்து நாட்டிலிருந்து வருவதால் மாதம் தவறாமல் கழகத்துக்கு வருகிறவர்.

“புதுசா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஆமாங்க. வந்ததே இல்ல.”

“அப்ப நினைவு ஆய்வுல மாட்டிக்குவீங்க. அந்தக் கோடு எங்க இருக்கு, சொல்லுங்க.”

“ஜன்னல் நடுவுக்கு நேரா.”

“நாற்பது வருஷமா அங்கதான் இருக்கு. போன மாசம் நான் வந்தப்ப ஜன்னலுக்கு மேல இருந்துச்சு. அப்பவும் நாற்பது வருஷமா அங்கதான் இருந்துச்சு.”

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. கண்ணாடிக்காரர் பொறுமையாக விளக்கினார். துர்னா விழாது என்பது சட்டம். சந்தைக்குச் சட்டம் தெரியாததால் அது பாட்டுக்கு விலையை இறக்கிவிடும். உடனே கழகத்தில் மணி அடிப்பார்கள். புது விகிதம் என்னவோ அதுவேதான் முதல் நாளிலிருந்து இருந்ததாகப் பழைய கணக்கு அத்தனையும் திருத்தப்படும். எப்போதும் அங்கேயே இருந்த ஒன்று எப்படி விழுந்திருக்க முடியும்? அதனால் துர்னா விழவில்லை.

“அதுல நமக்கு என்ன?” என்றார் மாஸ்டர்.

“கணக்கைத் திருத்தினா போதுமா? ஜனங்க ஞாபகம் வெச்சிருப்பாங்களே. அதுக்குத்தான் நினைவுச் சான்று. உங்க வாழ்க்கைல கெப்பி செலவு பண்ணின சம்பவம் ஒண்ணு நீங்க சொல்லணும். அது இன்னைய விகிதத்துக்கு ஒத்துப் போகணும். போகலன்னா உங்க ஞாபகம் தப்பு. தப்பான ஞாபகம் உள்ளவங்களுக்குக் கெப்பி கிடையாது.”

“நடந்தது நடந்ததுதானங்க.”

கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மெதுவா. எனக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க. போன மாசம் வரைக்கும் மூணு. மூத்தவனை அந்தப் பக்கம் ஸ்கூல்ல படிக்க வெச்சிருந்தேன். அந்த ஃபீஸை என்னால கட்டியே இருக்க முடியாதுன்னு போன மாசம் தெரிஞ்சுபோச்சு. என்ன பண்றது, லென்ஸ் வாங்கியாகணுமே.”

“இப்ப மூத்தவன் எங்க?”

“வீட்லதான் இருக்கான். நல்லா சாப்பிடறான். கணக்குல இல்ல, அவ்வளவுதான்.”

மாஸ்டர் இதைக் கிண்டல் என்றுதான் நினைத்தார். கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை.

நினைவு ஆய்வாளர் ஐம்பது வயது அம்மா. மேஜை துடைத்து வைத்தது போல இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, “பதறாதீங்க, உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லுங்க. சரியா இருந்தா ஏத்துக்கறேன்” என்றார்.

மாஸ்டரும் வெள்ளந்தியாகத் தொடங்கினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பயிற்சியாளர் லைசென்ஸ் டெஸ்ட்டுக்காகப் பக்கத்து நாட்டுக்குப் போனார். படகு அவர்களுடையது என்பதால் போக வர நாற்பது கெப்பி. “இருபது துர்னா ஆச்சு மேடம். அப்பல்லாம் ஒரு துர்னா குடுத்தா ரெண்டு கெப்பி.”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இப்ப நீங்க சொன்னதை நான் கேக்கல. நீங்களும் சொல்லல. ஒரு கெப்பிக்கு எத்தனை துர்னா?”

“மூணு.”

“எப்பவும்?”

“எப்பவும்.” மாஸ்டர் மனதுக்குள் பெருக்கினார். “நூத்திருபது துர்னா ஆச்சு மேடம்.”

“அப்ப உங்க சம்பளம்?”

“நூத்தம்பது.”

“மிச்சம் முப்பது. அந்த மாசம் முழுக்க என்ன சாப்பிட்டீங்க?”

மாஸ்டர் யோசித்தார். “பிஸ்கட்.”

“என்ன பிஸ்கட்?”

“சாதா பிஸ்கட்தான் மேடம். ஓரம் உடைஞ்சதா விப்பாங்களே, அது.”

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, எவ்வளவு அழகா வருது. விவரம் இருந்தாதான் அது ஞாபகம். விவரம் இல்லன்னா வெறும் பொய். இங்க வந்து பொய் சொன்னா நாங்க சும்மா விட மாட்டோம். சரி, போன இடத்துல யாரைப் பாத்தீங்க?”

அதற்கு மாஸ்டர் எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. டெஸ்ட் மைதானத்தில் இரண்டு டிரம்முக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அவருக்கு முன்னால் போன பெண் ஒரு டிரம்மை இடித்து, பதறிப்போய் முன்னால் எடுத்து, மறுபடி ரிவர்ஸில் வந்து இன்னொரு டிரம்மையும் இடித்தாள். இறங்கி வந்து, “ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னுதான்” என்றாள். தேர்வு அதிகாரி சிரிக்கவில்லை. மாஸ்டர் சிரித்தார். அன்று சாயங்காலப் படகை அவர் விட்டுவிட்டார், அடுத்த வருடம் அவளைக் கட்டிக்கொண்டார். ஆய்வாளர் ‘சந்திப்பு: உண்டு’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

சான்றை எடுத்துக்கொண்டு மாஸ்டர் முற்றத்தைக் கடந்து, பெரிய கூடத்தில் இருந்த பணக் கவுண்டருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அங்கே ஐந்தாறு பேர் நின்றார்கள். அவருக்கு முன்னால் ஒரே ஒருவர் மிச்சமிருந்தபோது மொட்டை மாடியில் மணி அடித்தது.

எல்லோரும் அசையாமல் நின்று கண்ணை மூடினார்கள். கவுண்டரில் இருந்தவர் நோட்டை எண்ணிக்கொண்டிருந்த விரலை அப்படியே நிறுத்தினார். இதற்கு மறதி நிமிடம் என்று பெயர். பழைய விகிதத்தை மனதிலிருந்து வழியனுப்பி வைக்கும் நிமிடம். ஒலிபெருக்கியில் மெல்லிய சங்கீதம் போட்டார்கள். மாஸ்டர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் பெயிண்டர்கள் கோட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்தார். சங்கீதம் முடிவதற்குள் புதுக்கோடு ஜன்னலுக்குக் கீழே நேராகப் போய்விட்டது.

“ஒரு கெப்பிக்கு நாலு துர்னா. எப்பவும் போல” என்றது ஒலிபெருக்கி.

“சார், என் சான்று இருக்கு. இப்பத்தான் குத்திக் குடுத்தாங்க.”

கவுண்டர்காரர் அதை விரல்நுனியால் வாங்கினார். “இதுல மூணுன்னு இருக்கே. இப்படி ஒரு விகிதம் வரலாற்றுலயே கிடையாது. இதை யார் குடுத்தாங்கன்னு கேக்காம இருக்கறேன், போய் வேற வாங்கிட்டு வாங்க.”

போன் அடித்தது. மனைவி. நான்கு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள்.

“என்னங்க, கட்டியாச்சா? இங்க ஆஸ்பத்திரிக் கவுண்டர்லருந்து ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க.”

“வரிசைல இருக்கேன்மா. ஒரு சின்ன விஷயம் சரி பண்ணணும். நான் உன்னை முதல்ல பாத்தப்ப பட்டினியா இருந்தேன்ல?”

“எந்தப் பட்டினி? ரெண்டு தட்டு சாப்பாடு சாப்பிட்டீங்க. என் காசுல.”

“அதை யார்கிட்டயும் சொல்லிடாத.”

“என்ன பேசறீங்க நீங்க?”

“ஒண்ணும் இல்ல. நீ பேசாத, மூச்சு வாங்குது. நாலு மணிக்குள்ள கட்டிடுவேன்.”

சொல்லிவிட்டுப் பையைத் தடவிப் பார்த்தார். நாலு என்றால் எண்பதாயிரம். இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் மணியடிப்பவர் மறுபடி எப்போது படியேறுவாரோ, அது மாஸ்டர் கையில் இல்லை.

இரண்டாவது முறை ஆய்வாளர் அவரைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. புதிதாக உட்காரச் சொன்னார், புதிதாகத் தண்ணீர் கொடுத்தார். மாஸ்டர் அதே கதையைச் சொன்னார். நாற்பது கெப்பி, நாலால் பெருக்கினால் நூற்றறுபது.

“சம்பளம் நூத்தம்பதுதானே?” என்றார் ஆய்வாளர்.

“ஆமா மேடம்.”

“அப்ப நீங்க போகல.”

“போனேன் மேடம். பத்து துர்னா கடன் வாங்கினேன்னு வெச்சுக்கங்க.”

“வெச்சுக்கறதுக்கு இது என்ன கதையா? கடன் குடுத்தவரைக் கூட்டிட்டு வாங்க, அவரும் நினைவு கூரட்டும்.”

“அவர் செத்துட்டார் மேடம்.” அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை, ஆனாலும் அவர் செத்ததற்காக மாஸ்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“அப்ப கடன் இல்ல. கடன் இல்லன்னா படகு இல்ல. படகு இல்லன்னா டெஸ்ட் இல்ல.”

“டெஸ்ட் இல்லன்னா எனக்கு லைசென்ஸே இல்லையே. ஆயிரக்கணக்கான பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்திருக்கேன்.”

“அது போக்குவரத்துத் துறையோட வரலாறு. அதுல நாங்க தலையிடறதில்ல.” ஆய்வாளர் எழுதிக்கொண்டே போனார். “டெஸ்ட்டுக்குப் போகாததால அந்தப் பெண்ணைச் சந்திக்கல. சந்திக்காததால திருமணம் நடக்கல.”

“மேடம், அவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. இப்பத்தான் போன்ல பேசினா.”

“யாரோ ஒரு அம்மா பக்கத்து நாட்டுல படுத்திருக்காங்க. இல்லன்னு நான் சொல்லலையே.” ஆய்வாளர் முதல் தடவையாகக் குரலைத் தணித்தார். “பாருங்க, உங்களுக்கு நினைவுச் சான்று தர எனக்கு ஆட்சேபணை இல்ல. போகலன்னு சரியா ஞாபகம் வெச்சிருக்கீங்கன்னு குடுத்துடலாம். ஆனா மருத்துவச் செலவுக்குக் கெப்பி அனுப்பணும்னா நோயாளி உறவா இருக்கணும். அதான் இடிக்குது. தலைவரைப் பாருங்க, மூணாவது மாடி.” விகிதம் எதுவும் எழுதாமல் ‘பயணம்: இல்லை’ என்று ஒரு சான்றை முத்திரை குத்தி நீட்டினார்.

தலைவர் அறை வாசலில் மாஸ்டரை அரை மணிக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மணியடிப்பவர் உட்கார்ந்திருந்தார். முட்டியைத் தடவிக்கொண்டிருந்த பெரியவர். புது விகிதம் தலைவர் கையெழுத்தோடு வெளியே வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி மணி அடிப்பது அவர் வேலை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்ப்பதும் பெரியவரின் காலைப் பார்ப்பதுமாக நின்றார். அந்தக் கால் அசையும்போதெல்லாம் இவர் கால் தரையை அழுத்தியது.

உள்ளே தலைவர் மாஸ்டரை உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்காமலே பேசத் தொடங்கினார். எதிரில் ஒரு ஆள் இருந்தால் அவருக்குப் பேச்சு தானாக வந்துவிடும் போலிருந்தது.

“நாங்க வரலாற்றை மாத்தறோம்னு வெளிய பேசிக்கறாங்க. நீங்களே சொல்லுங்க, மாத்தினதா எங்கயாவது பதிவு இருக்கா? நாற்பது வருஷக் கணக்கைத் தேடிப் பாருங்க, ஒரு திருத்தம் காட்ட முடியாது. ஏன்னா திருத்தத்தையும் சேர்த்துத்தான் திருத்தறோம். அவ்வளவு நேர்மை. ஒரு மனுஷன் காலைல எழுந்து, நேத்து நாம நல்லா இருந்தோம்னு நெனச்சா என்ன ஆகும்? இன்னைக்கு ஏன் இல்லன்னு கேப்பான். நேத்தும் இப்படித்தான்னு தெரிஞ்சுட்டா அவன் பாட்டுக்கு வேலைக்குப் போவான். இந்தக் கட்டடத்துல நாங்க காசைப் பாத்துக்கறோம்னு நெனைக்கறீங்களா? காசு அது இஷ்டத்துக்குப் போகும். ஜனங்களோட வருத்தத்தைப் பாத்துக்கறோம்.”

“ஐயா, நாலு மணிக்குள்ள...”

“என்னையே எடுத்துக்கங்க. நான் சம்பளத்தைக் கெப்பிலதான் வாங்கறேன். ஏன்? துர்னா அவ்வளவு உயர்ந்தது. அதை மக்கள் கையில விட்டுட்டு, அந்த மட்டமான காசை நான் வாங்கிக்கறேன். இதை நான் வெளிய சொல்லிக்கறதில்ல.”

மாஸ்டர் தலையாட்டினார். தலைவர் கொஞ்சம் தண்ணீர் குடித்த இடைவெளியில் அவர் தன் பாட்டைச் சொல்லி முடித்தார். சொல்லும்போது, கெஞ்சுகிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

“இதுக்கா இவ்வளவு கவலை?” என்றார் தலைவர். “அந்நியருக்கு அன்பளிப்புன்னு ஒரு பிரிவு இருக்கு. முன்பின் தெரியாத ஒருத்தருக்கு யார் வேணா கெப்பி அனுப்பலாம். கட்டணம்கூடக் கிடையாது. அந்த அம்மாவை நான் சந்தித்ததே இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, முடிஞ்சுது.”

“சந்திச்சதே இல்லைன்னா...”

“இதுவரைக்கும் சந்திக்கல. அதுதானே உண்மை?”

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தலைவர் அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “ஒரு கெப்பிக்கு நாலரை. எப்பவும் போல” என்று முணுமுணுத்தார். வெளியே ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பெரியவரின் செருப்பு படியில் தேய்ந்து தேய்ந்து மேலே போயிற்று. மணி அடித்தது. தலைவரும் மாஸ்டரும் எழுந்து நின்றார்கள், சங்கீதம் முடியும்வரை. நாலரை என்றால் தொண்ணூறாயிரம். பையில் இருப்பது முழுக்க. படகுக்குக் காசு இல்லை, அது போகட்டும்.

“அடுத்தது அஞ்சு” என்றார் தலைவர், உட்கார்ந்தபடி. “மூணே முக்காலுக்கு. உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

மாஸ்டர் பேனாவை வாங்கினார். அந்த ஒரு வரியை எழுத அவருக்கு நெடுநேரம் ஆனது போலிருந்தது. இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவளைப் பார்த்ததே இல்லை என்று கைப்பட எழுதினார். எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்து தாளில் சொட்டியது.

தலைவர் நெகிழ்ந்துபோனார். “முகம் தெரியாத ஒரு அம்மாவுக்காக அழறீங்க பாருங்க. இதுதான் நம்ம ஜனங்க. இவரை ஒரு போட்டோ எடுக்கணும். போட்டோகிராபரைக் கூப்பிடுங்க.”

“ஐயா, வேண்டாங்க, நேரம்...”

“அன்பளிப்புப் பிரிவுல போட்டோ கட்டாயம்.”

போட்டோகிராபர் சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, கையைக் கழுவவைத்து, கூட்டி வந்தார்கள். முதல் படத்தில் மாஸ்டர் சிரிக்கவில்லை என்பதால் இன்னொன்று. இரண்டாவதில் தலைவர் கண்ணை மூடிவிட்டதால் மூன்றாவது. நடுவில் உதவியாளர் நீட்டிய இன்னொரு தாளிலும் தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வெளியே வந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

பணக் கவுண்டரில் யாரும் இல்லை. கவுண்டர்காரர் சான்றையும் அன்பளிப்புத் தாளையும் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு தொண்ணூறாயிரத்தையும் எண்ணத் தொடங்கினார். முற்றத்தின் அந்தப் பக்கம், படிக்கட்டின் அடியில், மேலே ஏறாமல் ஏனோ கீழே இறங்கி வந்திருந்த மணியடிப்பவர் கையில் புதுத் தாளோடு நின்றுகொண்டிருந்தார். அஞ்சு துர்னா அந்தத் தாளில் இருந்தது. மாஸ்டரையும் அவர் பையையும் பார்த்தார். பிறகு படியில் ஏற வேண்டியவர், முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன, ஏறலையா? மணியாகுது” என்றார் வாசல் காவலாளி.

“முட்டி பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் தண்ணி குடு.”

“தண்ணி மேலயே இருக்கே.”

“மேல இருக்கற தண்ணி எனக்கு ஒத்துக்காது.”

கவுண்டர்காரர் எண்ணி முடித்து ஒரு நோட்டைத் தனியே எடுத்து வைத்தார். “இது கிழிஞ்சிருக்கு. நூறு துர்னா குறையுது.”

மாஸ்டர் சட்டைப்பை, கால்சட்டைப்பை, பையின் அடி என்று துழாவினார். கசங்கிய நோட்டுகளும் சில்லறையுமாகக் கவுண்டரில் கொட்டினார். நாணயங்களைக் கவுண்டர்காரர் அடுக்கி அடுக்கி எண்ணினார். படிக்கட்டில் பெரியவர் தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்தார். மூன்று நாணயங்களை மாஸ்டர் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, கவுண்டர்காரர் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் ரசீதைத் துப்பியது. அதற்குப் பிறகுதான் பெரியவர் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி மேலே ஏறினார்.

மணி அடித்தது. மாஸ்டர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சங்கீதம் ஓய்ந்ததும் பெயிண்டர் ஒருவர் குனிந்து, “சார், காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்க. கோடு இங்கதான் வருது” என்றார்.

சாயங்காலம் மனைவியே கூப்பிட்டாள். ரசீது வந்துவிட்டதாம். “எப்படிங்க முடிச்சீங்க?” என்றாள்.

“முடிஞ்சுது. ஆனா நான் வர முடியாதுமா. படகுக்குக் காசு இல்ல.” கழகம் சொன்னது கடைசியில் சரியாகப் போயிற்று, படகுச் சீட்டு அவர் கைக்கு எட்டாததுதான்.

“வந்து என்ன பண்ணப்போறீங்க? நான் தூங்கிட்டுத்தான் இருப்பேன். வீட்ல காலை அழுத்திக்கிட்டு உக்காந்திருக்காம நீங்களும் தூங்குங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “பயமா இருக்குங்க” என்றாள்.

“எனக்கும்தான்” என்றார் மாஸ்டர். எழுதிக்கொடுத்த வரியைப் பற்றி அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மதியம் போய்ச் சாயங்காலமும் ஆகத் தொடங்கியது, போன் வரவில்லை. அவள் போனை அணைத்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் ஆஸ்பத்திரி எண்ணுக்கே கூப்பிட்டார். இரண்டு மூன்று கை மாறி ஒரு நர்ஸ் எடுத்தாள்.

“நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?”

“வீட்டுக்காரர்.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. “அட்மிஷன்ல அப்படித்தான் எழுதியிருந்தாங்க. நேத்து உங்க நாட்டுக் கழகத்துலருந்து பணத்தோட ஒரு திருத்தம் வந்துச்சுங்க. அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையாம். ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கறதால அடிச்சுட்டோம். பணம் கட்டினவர்கூட அந்நியர்னு போட்டிருக்கு.”

“அந்த அந்நியன் நான்தாம்மா.”

“உறவு இல்லாதவங்களுக்கு நோயாளி நிலவரம் சொல்லக் கூடாதுங்க. நல்லதோ கெட்டதோ, எதுவும் சொல்லக் கூடாது. என் வேலை போயிடும்.”

மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். கால் தரையை அழுத்தி அழுத்திக் கெண்டைச்சதை இழுத்துக்கொண்டது. நேற்று முழுக்க யார் யாரிடமோ கெஞ்சியாகிவிட்டது. இந்தப் பெண்ணிடம் கெஞ்ச அவருக்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை.

“சரிம்மா. நிலவரம் எதுவும் சொல்ல வேண்டாம்” என்றார். “ஒரே ஒரு விஷயம் மட்டும் அவங்ககிட்ட கேக்க முடியுமா? டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்த ஒருத்தர், இப்ப கார் இல்ல, காசும் இல்ல, அவங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறார். சம்மதமான்னு கேக்கணும். அந்நியர்னா இதைக் கேக்கலாம்ல?”

போனில் யாரோ நடந்து போகும் சத்தமும், எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அதற்குள் மாஸ்டர் எத்தனையோ விதமாக நினைத்துவிட்டார்.

“கேக்கலாங்க. அதுக்கு விதி எதுவும் இல்ல” என்றாள் நர்ஸ் கடைசியில். “ஆனா இப்ப கேக்க முடியாது. இன்னும் மயக்கம் தெளியல. ராத்திரிக்குள்ள கண்ணு முழிச்சுடுவாங்க. முழிச்சதும் முதல்ல அதைத்தான் கேக்கறேன்.”

மாஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.